மாடம் பெறாத மூலிகை

நுழையும்முன்

இலையைப் பறித்தால் மீண்டும் தளிர்க்கும் செடிகள் உண்டு. வேரைத் தோண்டினால் அன்றோடு மாயும் செடிகளும் உண்டு. முதல் வகைக்கு மனிதரின் தேவையே காவலாக அமைகிறது. இரண்டாம் வகைக்கு அதே தேவை பகையாகிறது. துளசியின் உறவாகிய மருந்துக்கூர்க்கன் என்னும் மலைச்செடி இவ்வுண்மையை விளக்கும் நல்ல சான்று. அதன் இயல்பையும் மருத்துவப் பயனையும் வீட்டுத் தோட்டத்தில் அதனை வளர்க்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

காவல் பெற்ற செடி

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் திருப்புட்குழி. ‘புள்’ என்பதற்குப் பறவை என்பது பொருள். சீதையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் ஆற்றிய இடம் இது என்பது ஊர்ப்பெயருக்குக் கூறப்படும் விளக்கம். 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய இவ்வூரின் விசயராகவப் பெருமாள் கோவிலில், மரகதவல்லித் தாயாரை ‘வறுத்த பயறு முளைப்பித்த தாயார்’ எனப் போற்றுவர். மகப்பேறு வேண்டும் பெண்கள் பயற்றை வறுத்து, நீரில் நனைத்து மடியில் கட்டிக்கொள்வதும், அது முளைவிட்டால் வேண்டுதல் கைகூடும் என நம்புவதும் இங்குள்ள வழக்கம். ஒரு விதை முளைப்பதைக் குலம் தழைப்பதன் அடையாளமாகக் கண்ட மக்களின் உள்ளம் இவ்வழக்கில் வெளிப்படுகிறது.

பெருமாள் கோவில் எதுவாயினும் அங்குத் துளசிக்கு இடம் உண்டு. மாலையாகவும் தீர்த்தத்தில் இடும் இலையாகவும் அது நாள்தோறும் பயன்படுகிறது. வீட்டு முற்றங்களில் அதற்கெனத் தனி மாடம் கட்டி, நீர் வார்த்து, விளக்கேற்றி வழிபடுவர். இவ்வளவு பறிக்கப்பட்டும் துளசி அருகிப் போகவில்லை. காரணம் எளிது. துளசியில் மக்கள் பெரிதும் கொள்வது இலையும் கதிருமே. கிள்ளிய இடத்தில் பக்கக்கிளைகள் தோன்றுகின்றன. முற்றிய கதிரிலிருந்து உதிரும் விதைகள் மாடத்தின் அடியிலேயே முளைக்கின்றன. வழிபாடு என்னும் பெயரில் எண்ணற்ற வீடுகள் ஒரு செடியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளன.

துளசிக்குக் கிடைத்த இக்காவல் அதன் உறவினங்கள் அனைத்துக்கும் கிடைக்கவில்லை. அவற்றுள் ஒன்று, மாடமோ நந்தவனமோ பெறாமல் வறண்ட மலைச்சரிவுகளில் வளர்ந்துவந்த மருந்துக்கூர்க்கன். அதனை அறிவதற்கு முன் அதன் குடும்பத்தை அறிதல் வேண்டும்.

துளசியின் சுற்றம்

துளசி, புதினா, தும்பை, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, பேய்மிரட்டி ஆகியவை ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரவியலார் இதனை லேமியேசி என்பர்; எளிய வழக்கில் புதினாக் குடும்பம் என்றும் துளசிக் குடும்பம் என்றும் கூறலாம். உலகெங்கும் ஏறத்தாழ ஏழாயிரம் இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. மரபணு ஆய்வுகள் வளர்ந்தபின், முன்னர் வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த தேக்கும் நொச்சியும் குமிழும் இக்குடும்பத்திற்கு மாற்றப்பட்டன. முற்றத்துத் துளசியும் காட்டுத் தேக்கும் உறவினர் என்பது வியப்பாகத் தோன்றலாம். புறத்திணைகளுக்குப் பெயர் தந்த நொச்சியும் தும்பையும் ஒரே குடும்பத்தவை என்பதும் தமிழ் கற்போர்க்குச் சுவையான செய்தியே.

இக்குடும்பத்தின் மென்செடிகளைக் கண்ணாலும் கையாலும் மூக்காலும் அடையாளம் காணலாம். தண்டை விரல்களுக்கு இடையே உருட்டினால் உருளாது. அதற்கு நான்கு பட்டைகள் இருக்கும். இலைகள் ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமையும். தறியில் நெடுக ஓடும் பாவும் குறுக்கே பாயும் ஊடையும் போல, ஓர் இணை இலைகள் நீண்ட திசைக்குக் குறுக்காக அடுத்த இணை அமைந்திருக்கும். மேலிலையின் நிழல் கீழிலையின்மேல் முழுமையாக விழாதபடி அமைந்த ஒழுங்கு இது. மலர்கள் மேலுதடு, கீழுதடு எனப் பிளந்து வாய்போல் தோன்றும். இலையைக் கசக்கினால் மணம் எழும். இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் தேங்கிய எண்ணெயே அம்மணத்திற்குக் காரணம்.

மருந்துக்கூர்க்கன்

திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் விளையும் சிறுகிழங்கு தமிழகச் சமையலில் பெயர் பெற்றது. அதற்குக் கூர்க்கன்கிழங்கு என்றும் பெயர் உண்டு. அதனோடு நெருங்கிய உறவுடையதாய், உணவினும் மருந்துக்கே மிகுதியாகப் பயன்படுவதால் இச்செடி மருந்துக்கூர்க்கன் எனப்பட்டது. சளிக்கு மருந்தாகும் கற்பூரவல்லியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததே.

மருந்துக்கூர்க்கன் இரண்டு அடி அளவுக்கு வளரும் பல்லாண்டுச் செடி. இலைகள் சற்றே தடித்து, மென்மயிர் போர்த்து, விளிம்பில் வட்டப் பற்களோடு காணப்படும். தண்டின் நுனியில் நீண்டெழும் கதிரில் வெளிர்நீல ஊதா நிறப் பூக்கள் அடுக்கடுக்காக மலரும். கீழுதடு சிறு படகு போன்று குழிந்திருக்கும். மகரந்தத்தாள்கள் அப்படகினுள் படுத்திருக்கும். அவற்றின் அடிப்பகுதிகள் ஒன்றிணைந்து சூலகத்தண்டை உறைபோல் சூழ்ந்திருக்கும். பேரினத்தின் பெயராகிய ‘கோலியஸ்’ என்பது உறை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மண்ணுக்கடியில் விரல் தடிமனுள்ள கிழங்கு வேர்கள் கொத்தாகப் பரவியிருக்கும். தோண்டியெடுத்து ஒடித்தால் அவற்றினின்றும் காரமான மணம் எழும்.

இமயமலையின் அடிவாரச் சரிவுகள், தக்காண மேட்டுநிலம், கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா ஆகிய பகுதிகளில் இது இயற்கையாக வளர்கிறது. இதன் அறிவியல் பெயர் பலமுறை மாறியுள்ளது. நெடுங்காலம் ‘கோலியஸ் ஃபோர்ஸ்கோலி’ எனப்பட்டது. இடையில் ‘பிளெக்ட்ராந்தஸ்’ என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக்குப்பின் மீண்டும் கோலியஸ் பேரினத்திற்கே திரும்பி ‘கோலியஸ் பார்பேட்டஸ்’ ஆயிற்று. பழைய பெயரிலுள்ள ஃபோர்ஸ்கோல், லின்னேயசின் மாணவர். தாவரங்களைத் தேடி அரேபியா சென்ற அவர், 1763 ஆம் ஆண்டு ஏமன் நாட்டில் காய்ச்சலால் இறந்தார். அவருடைய குறிப்புகள் 1775 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன.

வேரில் பொதிந்த மருந்து

1970களில் இந்திய ஆய்வகங்கள் நாட்டின் மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, புதிய மருந்துப் பொருள்களைத் தேடின. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும் மும்பையிலிருந்த ஹெக்ஸ்ட் ஆய்வு மையமும் தனித்தனியே மருந்துக்கூர்க்கனின் வேரை ஆராய்ந்தன. இரத்த அழுத்தத்தைக் குறைக்கவல்ல ஒரு வேதிப்பொருளை இரண்டும் அதில் கண்டன. இலக்னோ ஆய்வாளர்கள் அதனைக் ‘கோலியோனால்’ என்றனர். மும்பை ஆய்வாளர்கள் ‘ஃபோர்ஸ்கோலின்’ என்றனர். பின்னைய பெயரே நிலைத்தது.

இதன் சிறப்பை உணர உடலின் செய்திப் போக்குவரத்தை அறிய வேண்டும். சுரப்பிகளிலிருந்து புறப்படும் இயக்குநீர் பல, உயிரணுவின் உள்ளே நுழைவதில்லை. வாயிலில் நின்று செய்தியைச் சொல்லும் தூதன் போல அணுச்சவ்வோடு நின்றுவிடும். அச்செய்தியை உள்ளே கொண்டுசெல்ல இரண்டாம் தூதன் ஒருவன் தேவை. சுழல் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறே அவ்விரண்டாம் தூதன். இதனைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அணுச்சவ்விலுள்ள அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதியே இம்மூலக்கூற்றை உண்டாக்குகிறது. முதல் தூதன் வராமலேயே இந்நொதியை நேரடியாகத் தூண்டும் ஆற்றல் ஃபோர்ஸ்கோலினுக்கு உண்டு என்பதை 1981 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதுமுதல் உயிரணுக்களின் செயல்பாட்டை ஆராயும் உலக ஆய்வகங்களில் இது இன்றியமையாத கருவிப்பொருளாயிற்று. இதயத் தசையின் சுருங்கும் வலிமையைக் கூட்டுதல், இரத்தக் குழாய்களையும் மூச்சுக்குழல்களையும் தளர்த்துதல், கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைத்தல் முதலிய பண்புகள் இதற்கு இருப்பது அறியப்பட்டது. இதனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய மருந்தொன்று சப்பானில் இதயச் செயலிழப்பு மருத்துவத்திற்கு ஒப்புதல் பெற்றது.

நெருங்கிய உறவுச் செடிகள் பலவற்றை ஆய்வாளர்கள் சோதித்தும், மருந்துக்கு எடுக்கத்தக்க அளவில் இப்பொருள் மருந்துக்கூர்க்கனில் மட்டுமே கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் வேரிலேயே கிடைத்தது. இங்குதான் செடியின் இடர் தொடங்கியது.

புகழே பகையாதல்

ஒரே செடியை வெவ்வேறு நாட்டு மக்கள் வெவ்வேறு வகையில் பயன்படுத்துவதை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கென்யாவில் மருந்துக்கூர்க்கனை வீட்டைச் சுற்றி உயிர்வேலியாக நடுவர். வாழைக்காயைப் பழுக்கவைக்க அதன் இலைகளால் மூடுவர். பிரேசிலில் வயிற்றுக் கோளாற்றுக்கு அதன் இலைச்சாற்றைப் பயன்படுத்துவதால் வீட்டுத் தோட்டங்களில் அது பரவலாகக் காணப்படுகிறது. இவ்விரு நாடுகளிலும் மக்கள் கொள்வது இலையை. ஆதலால் செடி வீட்டருகே நிலைபெற்றது. நம் நாட்டிலோ மருந்துத் தொழிலுக்குத் தேவைப்பட்டது வேர். வேரைத் தோண்டினால் செடி முழுவதும் போகிறது. பூத்து விதை முதிர்வதற்கு முன்னரே தோண்டினால் அதன் அடுத்த தலைமுறையும் அதனோடு போகிறது.

உலகளவில் இச்செடி அழிவின் விளிம்பில் இல்லை. ஆயினும் நம் மலைகளில் இயற்கையாக வளரும் கூட்டங்கள் அருகிவருவது பற்றிய கவலை ஆய்வாளரிடையே நெடுநாளாக உண்டு. வேறொரு நாட்டில் இச்செடி இருப்பதால் இங்குள்ளதன் இழப்பு ஈடாகிவிடாது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய செடிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில், உலர்ந்த வேரிலுள்ள ஃபோர்ஸ்கோலின் அளவு 0.01 விழுக்காட்டிலிருந்து 0.44 விழுக்காடு வரை வேறுபட்டது. நாற்பது மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது. தோற்றத்தில் ஒன்றுபோல் காணும் செடிகளுக்குள் ஒவ்வொரு மலைக்கும் உரிய தனித்தன்மை ஒளிந்திருக்கிறது. ஒரு சரிவிலுள்ள செடிகள் அனைத்தும் தோண்டப்பட்டால், வேறெங்கும் இல்லாத ஒரு பண்பு யாரும் அறியாமலே மறையக்கூடும். வறட்சியைத் தாங்கும் திறனோ நோயை எதிர்க்கும் திறனோ அதனோடு போயிருக்கலாம்.

வயலுக்கு வந்த செடி

காட்டில் தோண்டுவதற்கு மாற்றாக, நாட்டில் பயிரிடும் முயற்சி தொடங்கியது. சேலம், ஆத்தூர், தர்மபுரி முதலிய பகுதிகளின் உழவர்கள், நிறுவனங்களோடு கொள்முதல் ஒப்பந்தம் செய்துகொண்டு இதனைப் பயிரிட்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கான சாகுபடி முறைகளை வகுத்தளித்தது. நன்கு விளைந்தால் ஓர் எக்டேரில் 15 முதல் 20 டன் வரை பசுங்கிழங்கு கிடைக்கும். உலர்த்தியபின் அது ஏறத்தாழ 2 டன்னாகக் குறையும். வயலில் கிழங்கைத் தோண்டினாலும் செடி அழிவதில்லை. தோண்டுவதற்கு முன்னரே நுனித்தண்டுகளைக் கிள்ளி நாற்றுக்கு வைத்துக்கொள்வர். ஒரு கையால் எடுத்ததை மறுகையால் திருப்பித் தரும் முறை இது. காட்டுச் செடிக்கு இதனால் சுமை குறைந்தது.

ஆயினும் இதில் ஒரு நுட்பமான குறை உண்டு. தண்டைக் கிள்ளி நட்டு வளர்ப்பது எளிது. விரைவில் பலன் தரும். தாய்ச்செடியின் பண்பும் மாறாது. பண்பு மாறாமையே நன்மை. அதுவே தீமையும் ஆகும். ஒரே தாயிலிருந்து கிள்ளிய செடிகள் ஆயிரமாயினும் மரபணுவால் அவை ஒரே செடியே. ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். மருந்துக்கூர்க்கனை வருத்தும் வேர்முடிச்சு நூற்புழுவும், செடியை ஒரே வாரத்தில் வாடச்செய்யும் வாடல் நோயும் வேர் அழுகலும் உழவர்க்குப் பெரும் இழப்பைத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். கிழங்கு பெருக்க வேண்டும் என்பதற்காகப் பூங்கதிர்களைக் கிள்ளிவிடும் வழக்கமும் உண்டு. பூ இல்லையேல் விதை இல்லை; விதை இல்லையேல் புதிய பண்பு தோன்ற வழியில்லை. காடு காத்துவந்த பன்மையை வயல் காப்பதில்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பவல்லது வீட்டுத் தோட்டம்.

தோட்டத்தில் வளர்த்தல்

மருந்துக்கூர்க்கன் மலைச்சரிவின் செடி. அதன் வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். தேங்கிய நீரை அது பொறுக்காது. காஞ்சிபுர மாவட்டம் ஏரிகளால் பெயர் பெற்றது. ஏரிப்பாசன ஊர்களில் களிப்பாங்கான நிலம் மிகுதி; ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் வலுத்துப் பெய்யும். ஆகவே, திருப்புட்குழி போன்ற ஊர்களில் இதனை வளர்க்க விரும்புவோர் முதலில் எண்ணவேண்டியது வடிகாலைப் பற்றியே. தரையில் நடுவதாயின் ஓர் அடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். புழக்கடை இல்லாத வீடுகளில், ஓர் அடிக்குக் குறையாத அகலமும் ஆழமும் உடைய தொட்டி போதும். அதன் அடியில் நீர் வெளியேறத் துளைகள் இருத்தல் வேண்டும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கையும் சேர்த்து நிரப்பலாம்.

நடவுக்கு ஏற்றது ஆனி, ஆடி மாதங்கள். நலமாக வளர்ந்த செடியின் நுனியிலிருந்து 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். அதில் மூன்று அல்லது நான்கு இணை இலைகள் இருக்கும். அடியிலுள்ள ஓர் இணையை நீக்கிவிட்டு, மணல் மிகுந்த கலவையில் ஊன்றி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காத்தால் கணுவிலிருந்து வேர்கள் தோன்றும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் கன்று நடவுக்கு ஆயத்தமாகும். தரையில் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளி வேண்டும், தொட்டிக்கு ஒரு செடி போதும்.

நட்ட முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் ஊற்றலாம். வேர் பிடித்தபின் மேல்மண் காய்ந்த பிறகே நீர் தர வேண்டும். அன்பு மிகுதியால் நாள்தோறும் நீர் ஊற்றுவதே தொட்டியிலுள்ள மருந்துக்கூர்க்கன் அழுகுவதற்குப் பெரிதும் காரணமாகும். நல்ல வெயில் படும் இடம் ஏற்றது. கோடையில் பிற்பகல் நிழல் கிடைத்தால் நலம். மாவுப்பூச்சி தோன்றினால் இலையின் அடிப்பக்கத்தை நீரால் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். பாத்தியைச் சுற்றித் துலுக்கச்செவ்வந்தி நடுவது நூற்புழுவைக் கட்டுப்படுத்த உதவும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தோடு கலந்து இட்டால் வேர் அழுகல் குறையும். வாடல் நோயுற்ற செடியை வேரோடு அகற்றிவிட வேண்டும். அதே மண்ணில் மீண்டும் உடனே நடலாகாது.

ஐந்து, ஆறு மாதங்களில் கிழங்கு முதிரும். இலையுதிர்ந்து செடி சோரத் தொடங்குவதற்கு முன்னரே நுனித்தண்டுகளை எடுத்துப் புதிய கன்றுகளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். குசராத்தில் இக்கிழங்கைக் ‘கர்மர்’ என்று அழைத்து ஊறுகாய் இடுவர். ஆயினும் வீட்டில் வளர்ப்போர் கிழங்கைத் தோண்டியே ஆகவேண்டும் என்பதில்லை. செடியை நிலைநிறுத்துவதே தோட்டத்தின் நோக்கமாக இருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

ஃபோர்ஸ்கோலின் உடல் எடையைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டு மாத்திரையாக விற்கப்படுகிறது. 2005 ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகளில் ஒன்று 30 ஆண்களையும் மற்றொன்று 23 பெண்களையும் மட்டுமே சோதித்தது. இரண்டிலும் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இப்பொருள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கவல்லது. இதயத் துடிப்பைப் பாதிக்கவல்லது. ஆதலால் மருத்துவரின் அறிவுரையின்றி இதனை உட்கொள்ளக்கூடாது. தோட்டத்தில் வளர்வது என்பதால் எந்த மூலிகையும் தீங்கற்றதாகிவிடாது.

பூவையும் விட்டுவைத்தல்

வீட்டுத் தோட்டம் வயலினின்றும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. வீட்டுத் தோட்டத்திற்கு விளைச்சல் கணக்கு இல்லை. எனவே, அங்குச் செடியைப் பூக்க விடலாம். பூத்தால் தேனீக்கள் வரும். படகு வடிவான கீழுதட்டில் தேனீ அமரும்போது அது சற்றுத் தாழ, உள்ளிருக்கும் மகரந்தம் அதன் வயிற்றுப்புறத்தில் படியும். அடுத்த செடிக்கு அதனைத் தேனீ எடுத்துச் செல்லும். ஒவ்வொரு பூவும் நான்கு சிறு விதைகள்வரை தரும். வெவ்வேறு தாய்ச்செடிகளிலிருந்து பெற்ற இரண்டு, மூன்று செடிகளை அருகருகே வளர்த்தால், அவற்றின் விதைகளிலிருந்து தோன்றும் கன்றுகள் ஒன்றுபோல் மற்றொன்று இராமல் வேறுபட்டிருக்கும். தண்டு நாற்று இருப்பதைக் காக்கிறது. விதை நாற்று இல்லாததை உருவாக்குகிறது. பாதுகாப்புக்கு இரண்டும் வேண்டும்.

இதற்கான தொடக்கக் கன்றுகளைக் காட்டிலிருந்து பிடுங்கி வருதல் கூடாது. காக்க எண்ணியே அழிக்கும் செயலாக அது முடியும். வேளாண் பல்கலைக்கழக நாற்றங்கால்கள், மூலிகைப் பண்ணைகள், பயிரிடும் உழவர்கள் ஆகியோரிடமிருந்து பெறுவதே முறை. ஒவ்வொரு செடியும் எங்கிருந்து, எந்த ஆண்டு பெறப்பட்டது என்பதைச் சிறு பலகையில் எழுதிவைத்தல் நன்று. ஊரும் வரலாறும் அறியப்படாத செடி ஆய்வுக்குப் பாதியே பயன்படும்.

2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், உயிர்வளங்களைப் பயன்படுத்துவோர் அவற்றைக் காத்த மக்களோடு பயனைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்கிறது. இச்சட்டப்படி அமைந்த தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில் இயங்குகிறது. ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தொகுக்கவும் இச்சட்டம் இடமளிக்கிறது. தம் ஊரின் செடி, கொடி, மரம், அவை பற்றிய மரபறிவு ஆகியவற்றை மக்களே எழுதிவைக்கும் ஆவணம் அது. ஒரு மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு எழுதும் மூலிகைப் பெயர் ஒன்றும் அப்பதிவேட்டில் இடம்பெறத் தக்கதே.

செடியே மூலநூல்

மருந்துப் பொருளை ஆய்வகத்திலேயே உருவாக்க முடியுமாயின் செடி எதற்கு என்னும் வினா எழலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருந்துக்கூர்க்கன் வேரின் புறத்தேயுள்ள தக்கை அணுக்களில் எண்ணெய்த் துளிகளாக ஃபோர்ஸ்கோலின் தங்கியிருப்பதைக் கண்டனர். அதனை ஆக்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாக அறிந்து, அவற்றை ஈச்சில் புகுத்தி, 2017 ஆம் ஆண்டு ஈச்சிலிருந்தே ஃபோர்ஸ்கோலினைப் பெற்றனர். அப்பம் புளிக்க உதவும் நுண்ணுயிர் ஒரு மலைச்செடியின் வேலையைச் செய்தது. இம்முறை வளருமாயின் வேருக்காகத் தோண்டும் தேவை குறையும், அது நற்செய்தியே.

ஆனால், ஈச்சு தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. செடி எழுதிவைத்ததை ஆய்வாளர் படித்தனர். படித்ததை ஈச்சுக்குக் கற்பித்தனர். மூலநூல் அழிந்திருந்தால் படி எடுத்திருக்க முடியாது. இன்னும் படிக்கப்படாத பக்கங்கள் எத்தனையோ தாவரங்களில் உள்ளன. அவற்றுள் சில, நாளைய நோய்க்கு விடையாகலாம். எந்தச் செடியில் எந்த விடை உள்ளது என்பதை முன்கூட்டி அறிய இயலாமையால், அனைத்தையும் காப்பதே அறிவுடைமை.

சட்டம் காட்டைக் காக்கும். ஆய்வகம் மரபணுவைக் காக்கும். வயல் தேவையை நிறைவுசெய்யும். ஆனால், ஒரு செடியை மக்களின் நினைவில் நிறுத்துவது வீடு. பெயர் அறிந்து, நீர் வார்த்து, கிள்ளிய தண்டை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்போது, அச்செடிக்குப் புதிதாக ஒரு வேலி உண்டாகிறது. துளசிக்கு நம் முன்னோர் பக்தியால் அளித்த காவலை, மருந்துக்கூர்க்கனுக்கு இந்தத் தலைமுறை அறிவால் அளிக்கலாம். அதற்கு வேண்டுவது ஒரு தொட்டி மண்ணும், ஒரு சாண் தண்டும், அளவறிந்து வார்க்கும் நீருமே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள செடிகளுள் நாற்கோணத் தண்டும் எதிரெதிர் இலைகளும் மணமும் உடையவற்றைக் கண்டறிந்து, அவற்றின் வட்டாரப் பெயர்களையும் பயன்களையும் தொகுக்க.

2. இலைக்காகப் பறிக்கப்படும் மூலிகைகள், வேருக்காகத் தோண்டப்படும் மூலிகைகள் எனப் பட்டியலிட்டு, எவை விரைவில் அருகக்கூடும் என்பதைக் காரணம் காட்டி விளக்குக.

3. உங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கத்தக்க தாவரம் ஒன்றைப் பற்றி, ஊரிலுள்ள முதியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.